படிக்கட்டு யாருடைய சொத்து?



நமது கரையோர ஊர்களில் அயல்வீட்டுச் சண்டை என்றால் முன்னர் அது வேலிச் சண்டைதான். கிடுகு வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டார்கள், முருங்கைக் கொப்பு இந்தப் பக்கம் முறிந்து விழுந்தது, கிணற்றடித் தண்ணீர் அடுத்த வளவுக்குள் ஓடுகிறது என்று தொடங்கும். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து கயிறு பிடித்து அளந்து, இரண்டு வீட்டாரையும் ஸலாம் சொல்ல வைத்துவிட்டுப் போவார். நோன்புப் பெருநாள் வந்தால் வட்டிலப்பம் வேலியைத் தாண்டிப் போய்விடும். அத்தோடு சண்டையும் தீர்ந்துவிடும்.

இப்போது வேலி இல்லாத வீடுகள் வந்துவிட்டன. ஒருவர் வீட்டுக் கூரை இன்னொருவர் வீட்டுத் தரையாக இருக்கிறது. நடுவில் ஒரு படிக்கட்டு, மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி, கீழே ஒரு கழிவுநீர்க் குழி. இவை யாருடையவை? உடைந்தால் யார் திருத்துவது? பணம் கேட்டு வரும் நிர்வாக சபைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்? இக்கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஒரே கட்டிடத்தில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள். சில இடங்களில் விடயம் நீதிமன்றம் வரை போகிறது.

சகோதரிகளே, இந்த விடயத்தை ஆண்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாடி வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் அந்தக் கட்டிட நிர்வாகத்தின் அங்கத்தவர். நமது ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு உரியது. ஆனால் கூட்டத்துக்குப் போவது யார்? கணக்குக் கேட்பது யார்?

வேலி போய்ப் படிக்கட்டு வந்தது

மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய பட்டியாக நீண்டு கிடப்பவை. கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வயல். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்றால் இருக்கும் வளவைத்தான் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்துப் பிரித்து வளவுகள் சிறுத்துப் போயின.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறைதான். அதன் பிறகு கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டுவதற்குத் தடை வந்தது. கிழக்கில் முதலில் 200 மீற்றர் என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரே '65 மீற்றர்' என்று நிலைத்துவிட்டது. காணி இல்லாத ஊரில் இத்தனை குடும்பங்களை எங்கே குடியமர்த்துவது? மேல்நோக்கித்தான் போக வேண்டியிருந்தது. கல்முனை கிறீன்பீல்ட் போன்ற தொடர்மாடிகள் அப்படித்தான் வந்தன. வளவில் பிறந்து கிணற்றடியில் வளர்ந்த நம் உம்மாமார், வாழ்வில் முதற்தடவையாக மற்றவர்களோடு படிக்கட்டைப் பகிர்ந்து வாழத் தொடங்கினார்கள்.

இன்னொரு பக்கம், தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் என்று கொழும்புக்குப் போன நம் குடும்பங்கள் அங்கே வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் பெரும்பாலும் மாடி வீடுகளைத்தான். ஆகவே இது கொழும்பாருடைய பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

எது உங்களுடையது? எது எல்லோருடையது?

இலங்கையில் மாடி வீட்டு உரிமைக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உரிமைச் சட்டம் அது. பின்னர் 1982இலும் 2003இலும் அதில் திருத்தங்கள் வந்தன. அதன் சாரத்தை எளிமையாகச் சொல்கிறேன்.

நீங்கள் வாங்குவது இரண்டு பொருட்கள். ஒன்று, உங்கள் கதவுக்கு உள்ளே இருக்கும் வீடு. அது உங்களுக்கு மட்டும் உரியது. மற்றது, கதவுக்கு வெளியே இருக்கும் பொதுக் கூறுகளில் ஒரு பங்கு. நிலம், அத்திவாரம், கூரை, படிக்கட்டு, நடைபாதை, தண்ணீர்த் தாங்கி, மோட்டர், பிரதான குழாய்கள், வடிகான், கழிவுநீர்க் குழி ஆகியவை பொதுவானவை. இந்தப் பங்கை வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியாது. 'எனக்கு வீடு மட்டும் போதும், கூரையில் பங்கு வேண்டாம்' என்று சொல்லவும் முடியாது.

கட்டிடத்தின் கூட்டாதன வரைபடம் முறைப்படி பதிவானதும் அங்கே ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகிறது. வீட்டு உரிமையாளர்கள் அனைவரும் அதன் அங்கத்தவர்கள். கூட்டுத்தாபனம் என்றதும் ஏதோ அரசாங்கக் கந்தோர் என்று எண்ண வேண்டாம். அது நீங்கள்தான், உங்கள் அயலவர்தான்! பொதுக் கூறுகளைப் பராமரிப்பதும், கட்டிடத்தைக் காப்புறுதி செய்வதும், உரிமையாளர்களிடம் பங்கு வீதப்படி பணம் சேர்த்து நிதியைப் பேணுவதும், கணக்கு வைப்பதும் அதன் கடமைகள். பொதுக் கூட்டத்தில் தெரிவாகும் சபை உங்கள் சார்பில் அவ்வேலைகளைப் பார்க்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விடயத்தைக் கவனியுங்கள். வரைபடம் பதிவாகாத கட்டிடத்தில் இந்தச் சட்டக் கூட்டுத்தாபனம் பிறப்பதில்லை. அங்கே இருப்பது குடியிருப்பாளர்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம். நல்ல எண்ணத்தோடு இயங்கலாம், பாராட்டலாம். ஆனால் அச்சட்டம் தரும் அதிகாரம் அதற்கு இல்லை. உங்கள் கட்டிடம் எந்த வகை என்று தெரியாமல் சண்டை பிடிப்பவர் இருட்டில் கம்பு சுற்றுகிறார்!

இரு பக்கத்து முறைப்பாடுகள்

ஒரு கட்டிடத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாடி, பதினாறு குடும்பம். மேல் மாடியில் இருக்கும் ராத்தாவின் வீட்டில் மழைக்கு ஒழுகுகிறது. கூரையைத் திருத்த ஒவ்வொரு வீடும் பணம் தர வேண்டும் என்று சபை அறிவிக்கிறது. கீழ் வீட்டுக்காரர் சொல்கிறார்: 'ஒழுகுவது அவருடைய வீட்டில். நான் ஏன் கட்ட வேண்டும்?' அடுத்த மாதம் கழிவுநீர்க் குழி நிரம்பிக் கீழ் வீட்டு வாசலில் பொங்குகிறது. இப்போது மேல் வீட்டார் சொல்கிறார்கள்: 'நாற்றம் எங்களுக்கு வரவில்லையே!'

இரண்டு பேச்சும் ஒன்றுதான். கூரை மேல் வீட்டுக்காரரின் சொத்து அன்று, குழி கீழ் வீட்டுக்காரரின் சொத்து அன்று. மேல் வீட்டாரின் கழிவும் அதே குழிக்குள்தான் விழுகிறது. கீழ் வீட்டின் சுவரையும் அதே கூரைதான் மழையிலிருந்து காக்கிறது.

குடியிருப்பாளர் பக்கத்து முறைப்பாடுகளும் இருக்கின்றன. 'மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள், பற்றுச்சீட்டு இல்லை.' 'வருடக் கணக்கைக் கண்ணால் கண்டதில்லை.' 'தலைவரின் மச்சான்தான் எல்லா வேலைக்கும் கொந்தராத்து.' 'எங்கள் வீட்டுக்கு முன்னால் கொடி கட்டி உடுப்புக் காயவிட்டால் குற்றம், செயலாளர் வீட்டுக்கு முன்னால் அலுமாரியே வைக்கலாம்.' 'நிலுவை என்று சொல்லித் தண்ணீரை வெட்டிவிட்டார்கள்.'

கொழும்பானாலும், சென்னையானாலும், அமெரிக்காவானாலும் குடியிருப்புச் சங்கத்துக்கும் குடியிருப்பாளருக்கும் இடையே நீதிமன்றம் ஏறும் வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் நிற்கும்: பணம் கட்டவில்லை, கணக்குக் காட்டவில்லை, பொது இடத்தை ஒருவர் தனதாக்கினார்.

கப்பலின் கீழ்த்தட்டு

மார்க்கம் படித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை புதியதன்று. நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நீங்கள் பயானில் கேட்டிருப்பீர்கள். நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் பதிவானது. ஒரு கூட்டம் சீட்டுப் போட்டுக் கப்பலில் இடம் பிடிக்கிறது. சிலருக்கு மேல்தட்டு, சிலருக்குக் கீழ்த்தட்டு. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே போக வேண்டியிருக்கிறது. மேலுள்ளவர்களைத் தொந்தரவு செய்யாமல் நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டால் என்ன என்று எண்ணுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவர்.

அவர்கள் துளை போட நினைத்தது தங்களுடைய பகுதியில்! எண்ணமும் கெட்டதன்று. ஆனாலும் தடுக்க வேண்டும். மாடி வீட்டில் உள்சுவரை உடைத்துப் பெரிய அறையாக்க நினைப்பவருக்கும், குளியலறைக் குழாயைத் தன் விருப்பப்படி திருப்புபவருக்கும் இதைவிடத் தெளிவான பாடம் தேவையா?

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நமது அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஷாபிஈ மத்ஹப் நூல். கூட்டுச் சுவர், பொதுச் சந்து, மேல்வீடு, கீழ்வீடு பற்றிய சட்டங்கள் அதில் எந்தப் பாடத்தில் வருகின்றன தெரியுமா? ஸுல்ஹ் என்னும் சமாதானப் பாடத்தில்! ஒரு சுவரை இருவர் பகிர்ந்தால் அங்கே பிணக்கு வரும், அது சமாதானத்தில் முடிய வேண்டும் என்பதை அந்த அறிஞர்கள் பாடத்தின் இடத்தாலேயே உணர்த்திவிட்டார்கள்.

அதிலே முட்டுச் சந்து பற்றி ஒரு சட்டம் உண்டு. மறுபக்கம் வழியில்லாத சந்து அங்கு வாழ்பவர்கள் அனைவருக்கும் கூட்டாக உரியது. அதில் ஒருவர் மாடத்தை நீட்டிக் கட்ட வேண்டுமானால் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். மாடி வீட்டு நடைபாதை என்பது என்ன? மேலே ஏறிய முட்டுச் சந்துதான். அங்கே செருப்பு அலுமாரி வைப்பதும் சைக்கிள் நிறுத்துவதும் பூச்சாடி அடுக்குவதும் மற்றவர் உரிமையைத் தொடுகிற காரியங்கள்.

துனிஸ் நகரில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுர் ராமி என்பவர் ஒரு கொத்தனார். காழிகள் கட்டிடப் பிணக்குகளைப் பார்த்துவர இவரை அனுப்புவார்கள். சுவர், சாளரம், வடிகான், புகை, நாற்றம் என்று அயலவர் வழக்குகளையே தொகுத்து ஒரு நூல் எழுதி வைத்தார். பின்னர் உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்திலும் மேல்வீடு, கீழ்வீடு பற்றி விதி உண்டு. மேல் வீட்டாருக்குக் கீழ் வீட்டின் மீது தாங்கப்படும் உரிமை உண்டு. கீழ் வீட்டாருக்கு மேல் வீட்டிடமிருந்து வெயிலும் மழையும் படாமல் காக்கப்படும் உரிமை உண்டு. ஒருவர் மற்றவருக்குத் தீங்கான எதையும் அவர் அனுமதியின்றிச் செய்யக்கூடாது. நமது 1973ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்க முயல்வதும் இதையேதான்.

கட்டணம் கடன் ஆகும்

'கூட்டுச் சுவர் விழுந்தால் திரும்பக் கட்டும்படி பங்காளியை வற்புறுத்த முடியாது என்று கிதாபில் இருக்கிறதே' என்று ஓதியவர் எவராவது கேட்கலாம். உண்மை. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் பிந்திய கருத்து அதுதான். முந்திய கருத்தில் வற்புறுத்தலாம். ஆனால் அது தற்செயலாகப் பங்காளியாகிப் போனவர்களைப் பற்றியது. மாடி வீட்டுக்காரர் அப்படியல்ல. பராமரிப்புக்குப் பங்கு தருவேன் என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் உறுதியில் ஒப்பமிடுகிறார். ஏற்ற நிபந்தனையில் நிற்பது முஸ்லிமின் கடமை. ஆகவே மாதக் கட்டணம் நன்கொடை அன்று. அது அயலவருக்குத் தர வேண்டிய கடன். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. கூட்டுத்தாபனம் நிலுவையைக் கடனாக வழக்கிட்டு அறவிடலாம்.

கட்டாமல் விட்டால் என்ன நடந்துவிடும் என்று அலட்சியமாக இருப்பவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில் 12 மாடித் தொடர்மாடி ஒன்று இருந்தது. 1981இல் கட்டியது. நீச்சல் குளத்துத் தளத்தின் கீழே கொங்கிரீட் பெரிதாகப் பழுதடைந்திருக்கிறது என்று 2018இல் ஒரு பொறியியலாளர் அறிக்கை கொடுத்தார். திருத்தச் செலவு பெரிது. யார் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்று உரிமையாளர்களும் நிர்வாக சபையும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். 2019இல் சபை அங்கத்தவர்களில் பெரும்பாலோர் விலகினார்கள். சுமார் 15 மில்லியன் டொலர் திருத்தத் திட்டத்துக்கு ஒருவழியாக 2021இல் சம்மதம் கிடைத்தது. பெரிய வேலைகள் தொடங்கும் முன்னர், அந்த ஆண்டு ஜூன் 24ஆம் திகதி இரவில், உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு கட்டிடத்தின் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் என்பதைக் கல்முனைக் கரையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சபைக்கும் எல்லை உண்டு

குடியிருப்பாளருக்குச் சொன்னதைப் போல நிர்வாக சபைக்கும் சொல்ல வேண்டும். நீங்கள் கையில் வைத்திருப்பது அமானிதம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள். வருடக் கணக்கை எல்லோரும் காணும்படி படிக்கட்டடியில் ஒட்டிவையுங்கள். விலைமனு கேட்காமல் உறவினருக்கு வேலை கொடுக்காதீர்கள். செயலாளர் வீட்டுக்கு ஒரு விதி, கைம்பெண் வீட்டுக்கு ஒரு விதி என்று இருந்தால் அது நிர்வாகம் அன்று, அநியாயம்! நிலுவைக்காகத் தண்ணீரை வெட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் சிந்தித்துப் பாருங்கள். பணம் கட்டாதவர் வெளியே தொழிலுக்குப் போய்விடுவார். தாகத்தோடு வீட்டில் இருப்பது குழந்தையும் வயதான உம்மாவும்தான். கடனை அறவிடச் சட்டத்தில் வழி இருக்கும்போது அதை விட்டு ஏன் வேறு வழி?

சபையின் விதிகளுக்கு எவ்வளவு பலம் இருக்க முடியும் என்பதற்கு ஓர் இந்திய வழக்கைச் சொல்கிறேன். அகமதாபாத்தில் பார்ஸிகள் அமைத்த ஒரு கூட்டுறவு வீடமைப்புச் சங்கம் இருக்கிறது. பார்ஸிகள் மட்டுமே அங்கத்தவராகலாம் என்பது அதன் விதி. அங்கத்தவர் ஒருவர் தம் சொத்தை வெளியாருக்கு விற்க முனைந்தபோது சங்கம் தடுத்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. விதியை அறிந்து சேர்ந்தவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2005இல் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தம் குடியிருப்பைக் காப்பதற்கு இது உதவும் என்று சிலர் மகிழ்ந்தார்கள். இதே தீர்ப்பைக் காட்டி மற்றச் சங்கங்களும் சிறுபான்மையினருக்குக் கதவைச் சாத்தலாமே என்று வேறு சிலர் கவலைப்பட்டார்கள்.

அமெரிக்காவில் இதற்கு மாறாக நடந்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று ஒரு தெருவின் வீட்டுச் சொந்தக்காரர்கள் தமக்குள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே வீடு வாங்கிய ஒரு கறுப்பினத் தம்பதியை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். அப்படியான ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த நீதிமன்றங்கள் துணைபோக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது.

இவ்விரண்டிலிருந்தும் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. ஒப்பமிடும் முன் விதிகளை வாசிக்க வேண்டும். நமக்கு யாராவது கதவைச் சாத்தினால் வலிக்கும் அல்லவா? நம் கட்டிடத்தில் விதி எழுதும்போதும் அந்த வலி நினைவிருக்கட்டும். முஸ்லிம் வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் சிங்கள வீட்டுக்கும் ஒரே கட்டணம், ஒரே விதி, ஒரே பற்றுச்சீட்டு!

உறுதியில் யாருடைய பெயர்?

நமது கிழக்குக் கரையின் தனிச் சிறப்பு இது. திருமணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளின் பெயரில் எழுதப்படுகிறது. முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இங்கே இதுவே வழக்கம். அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சீதனம் என்ற பெயரில் பெண் வீட்டார் படும் கஷ்டத்தைப் பற்றி வேறொரு சமயம் பேசலாம். ஆனால் கணவன் இறந்தாலும் விட்டுப் போனாலும் பெண்ணுக்கு ஒரு கூரை மிஞ்சியது இந்த வழக்கத்தால் என்பதை மறுக்க முடியாது.

சுனாமியின் பின் என்ன நடந்தது? அள்ளுண்டு போனது உம்மாவின் வீடு. புதிய வீடு வழங்கும் பத்திரத்திலோ 'குடும்பத் தலைவர்' என்ற இடம் இருந்தது. பல இடங்களில் அங்கே கணவனின் பெயர் எழுதப்பட்டது. நல்ல மனதோடுதான் எழுதினார்கள், யாரும் எதிர்க்கவில்லை. பெண்ணின் சொத்தாக இருந்தது இப்படி ஒரு பேனாக் கீறலில் ஆணின் சொத்தாகிவிட்டது. அவர் மரணித்தால், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் இறங்குரிமைச் சட்டப்படி அது அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் பிரியும். மனைவியின் பங்கு, பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று!

மாடி வீட்டில் இதன் விளைவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உறுதியில் பெயர் இல்லாதவர் அங்கத்தவர் அல்லர், அவருக்கு வாக்கும் இல்லை. படிக்கட்டில் இருபது தடவை ஏறி இறங்குபவர் நீங்கள். தண்ணீர் வராத நேரத்தை அறிந்தவர் நீங்கள். குழி நிரம்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைப்பவரும் நீங்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் நீங்கள் இல்லை என்றால் அது எப்படிச் சரியாகும்?

உறுதி உங்கள் பெயரில் இருக்கிறதா? அப்படியானால் கூட்ட அறிவித்தல் உங்கள் பெயருக்கு வர வேண்டும். போக முடியாவிட்டால் கணவரையோ மகனையோ பதிலாளாக எழுத்தில் நியமித்து அனுப்புங்கள். வாயால் சொல்லி அனுப்புவது பதிலாள் ஆகாது. பல வாரிசுகளுக்கு உரிய வீடு என்றால் அவர்களுக்குள் ஒருவரை ஒருமித்துத் தெரிவுசெய்து கொள்ளுங்கள். கட்டணம் நிலுவையில் இருப்பவருக்கு வாக்கில்லை என்ற விதி பல நாடுகளின் மாடி வீட்டு நிர்வாகங்களில் வழக்கம். உங்கள் கட்டிடத்து விதியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பெண் கூட்டத்துக்குப் போவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தன் சொத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை மார்க்கம் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறது. கதீஜா நாயகி (ரழி) அவர்கள் வணிகம் செய்தவர்கள் என்பதைச் சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறோம். பதினாறு குடும்பக் கூட்டத்தில் தன் வீட்டுக்காக ஒரு கேள்வி கேட்பதையா தடுப்பது?

பிணக்கு வந்தால்

முதலில் நேரில் பேசுங்கள், கோபம் தணிந்த நேரத்தில். தீரவில்லையா? சபைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் காட்டவில்லை என்பதற்காகக் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் கேள்வி கேட்க வந்தவர் கடன்காரராகி நிற்பார். கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் பலம். அடுத்தது பொதுக் கூட்டம். பிடிக்காத சபையை மாற்றும் இடம் அதுதான்.

அதற்கு மேல் கொழும்பில் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இருக்கிறது. 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கியது, 2003இல் இந்த வடிவம் பெற்றது. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பிணக்குகள் அங்கே முறையிடப்படுகின்றன. அயலவருக்கு இடையிலான சிறிய பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை, அதாவது நம் பேச்சில் இணக்க சபை, இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அங்கே சட்டத்தரணி வாதாடுவதில்லை, உங்கள் வாயால் உங்கள் கதையைச் சொல்லலாம். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதன் பிறகுதான் நீதிமன்றம்.

காதியிடம் இதைக் கொண்டுபோகாதீர்கள். காதி நீதிமன்றம் திருமணம், விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றுக்கானது. பள்ளிவாசல் நிர்வாகம் சமாதானம் பேசலாம், அது நல்லது. ஆனால் கட்டிடத்தில் வேறு மதத்தவர்களும் இருந்தால் அவர்களும் மதிக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது

அலுமாரியைத் திறந்து உறுதியை எடுங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று வாசியுங்கள். கணவரின் பெயர் இருந்து, அந்த வீடு உங்கள் உம்மா வாப்பா தந்த வீட்டுக்குப் பகரமாகக் கிடைத்ததென்றால், இருவரும் நலமாக இருக்கும்போதே நொத்தாரிசு ஒருவரிடம் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். உறுதியே இன்னும் கிடைக்கவில்லை என்றால் பிரதேச செயலகத்திலும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையிலும் எழுத்தில் கேளுங்கள். அயல் பெண்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. கட்டிடத்தின் வரைபடம் பதிவாகியிருக்கிறதா என்பதைக் காணிப் பதிவகத்தில் பார்க்கலாம். சபையிடம் விதிக்கோவையின் ஒரு பிரதியும் கடந்த வருடக் கணக்கும் கேளுங்கள்.

பின்னர் நடைபாதையில் இருக்கும் உங்கள் சொந்த அலுமாரியை உள்ளே எடுத்து வையுங்கள். கணக்குக் கேட்கும் உரிமை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அயலவரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், அயலவருக்கு வாரிசுரிமையும் கிடைத்துவிடுமோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். வாரிசுரிமை கிடைக்கவில்லை. ஆனால் மாடி வீட்டில் கூரையிலும் படிக்கட்டிலும் அவருக்கு ஒரு பங்கு கிடைத்துவிட்டது, சகோதரிகளே. அந்தப் பங்கைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக!